சமையல் மேடைக்குக் கல் பார்க்கப் போனோம்

எவ்வளவு திட்டினாலும் சிரித்தே என் வாயை அடைத்துவிடும் என் தம்பி சங்கருக்கு,

மூலக்குளம் வீடு முடியப் போகிறது. பெயின்ட் அடித்தாயிற்று, கதவு மாட்டியாயிற்று. காற்று வரும் அறையாகப் பார்த்து அம்மாவுக்கு ஒதுக்கியிருக்கிறோம். சமையல் மேடை ஒன்றுதான் பாக்கி. கல் எடுக்காமல் நான் இழுத்தடிக்கிறேன் என்று என் வீட்டுக்காரர், உன் மாமா, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். காரணம் உனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

போன மாதம் ஒருவழியாக என்னைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். அம்மாவும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். கடைக்காரத் தம்பி வெள்ளைப் பலகை ஒன்றின் மேல் மஞ்சள் தண்ணீரை ஊற்றினான், எலுமிச்சம்பழம் பிழிந்தான், துணியால் ஒரு துடை துடைத்துக் காட்டினான். பளிச்சென்று இருந்தது. மீன் குழம்பே கொட்டினாலும் கறை பிடிக்காதாம். கல்லைப் பொடியாக்கி, பசை போட்டு இறுக்கிச் செய்வதாம், பேர் குவார்ட்ஸாம். எனக்கே பாடம் எடுக்கிறான்.

அம்மா அந்தப் பலகையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "இதுவா?" என்று என்னைக் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். கடைக்காரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவனுக்கு விளக்கிச் சொல்ல எனக்கும் மனசில்லை.

அப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு நீ படகில் கால் வைக்கக் கூடாது என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாளே, நினைவிருக்கிறதா? வைத்திக்குப்பத்துப் பையன்களெல்லாம் வலை இழுக்கப் போனபோது உன்னைச் சேதராப்பட்டுக் கல் தொழிற்சாலைக்கு பஸ் ஏற்றிவிட்டாள். மேலே கூரை, காலுக்குக் கீழே தரை, சாயந்திரம் வீடு. அவளுக்கு அது போதும். நீயும் பெருமையாகத்தான் போனாய். யார் யாரோ வீட்டுச் சமையலறைக்கு இந்தக் குவார்ட்ஸ் பலகையை அளவு பார்த்து அறுத்து, விளிம்பு தேய்த்து, மெருகேற்றி அனுப்புகிற வேலை.

சாயந்திரம் வரும்போது உன் புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். வாழைப்பழம் தின்றால் தூசி வயிற்று வழியாக இறங்கிவிடும் என்று அம்மா ஒரு நாள் தவறாமல் வாங்கி வைத்தாள். நீ அதை நம்பித் தின்றாயா, அவளுக்காகத் தின்றாயா? தொழிற்சாலையிலும் எல்லாரும் அதைத்தான் சொன்னார்களாம். நெஞ்சுக்குப் போகும் வழி வேறு, வயிற்றுக்குப் போகும் வழி வேறு என்று ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. மூக்கில் கட்டிக்கொள்ள இருந்தது ஒரு கைக்குட்டை, அதுவும் உன்னுடையதே.

இருமல் வந்தபோது டிபி என்று மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தீர்ந்தது, இருமல் தீரவில்லை. எக்ஸ்ரே படத்தைப் பார்த்த பெரிய டாக்டர்தான், இது கல்தூசி, நுரையீரல் இறுகிப்போச்சு என்றார். அதற்குப் பிறகு நீ படுத்துத் தூங்கவே இல்லை. தலையணையை மடியில் வைத்து அதன் மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருப்பாய். கல்யாணத்துக்குப் பார்த்த பெண்ணை வேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னது நீதான். நீ போய்ச் சேர்ந்த பிறகும் என் ஆத்திரம் அடங்கவில்லை சங்கர். யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

அந்தக் கடைக்காரன் விடவில்லை. குவார்ட்ஸ் வேண்டாமென்றால் போர்சலின் பாருங்கள், பீங்கான் மாதிரி, சூடான சட்டியை அப்படியே இறக்கி வைக்கலாம் என்றான். அதை அறுத்தால் தூசி வராதா என்று கேட்டேன்.

"உங்க வீட்ல ஒரு பொட்டு தூசி வராது மேடம். எல்லாத்தையும் பேக்டரிலயே அறுத்துட்டுதான் அனுப்புவோம்."

நல்ல மனசோடுதான் சொன்னான். நீ எத்தனை வீட்டுக்குத் தூசி வராமல் பார்த்துக்கொண்டாய்? அந்த வீடுகளில் யாருக்காவது உன் பேர் தெரியுமா?

திரும்பி வரும்போது உன் மாமா, "கல்லு மேல கோவிச்சுக்கினு இன்னா ஆவப் போவுது கலா?" என்றார். அவர் மேல் தப்பில்லை. வாடகை வீட்டுக்கும் புது வீட்டுக்கும் நடுவில் அல்லாடுகிற மனுஷன். கடைசியில் கடப்பா கல் என்று முடிவானது. கறுப்புக் கல், பழைய வீடுகளில் எல்லாம் போடுவார்களே, அதுதான். அதன் தூசி அவ்வளவு மோசமில்லை என்று சொன்னார்கள். கடையிலேயே நீளம் அகலம் பார்த்து எடுத்து வந்தோம். சிங்க் வைக்க ஓட்டை மட்டும் வீட்டில் போட வேண்டும்.

ஓட்டை போட யார் வந்தது தெரியுமா? உன் பக்கத்து மிஷினில் நின்ற ரவி. தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு இப்போது வீடு வீடாகப் போய்க் கல் பதிக்கிறானாம். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வாசல்படி ஏறி வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் மூச்சு வாங்கிய சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம். அம்மாவும் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

கட்டிங் மிஷினைக் கல்லில் வைத்ததும் அடுப்படி முழுக்கப் புகை மாதிரி எழுந்தது. நிறுத்து என்று கத்தினேன். தண்ணீர் ஊற்றி அறு என்றேன். அவன் சிரித்தான்.

"இந்த மிஷின்ல தண்ணி பட்டா ஷாக் அடிக்கும்க்கா. அதுல உடனே சாவணும். தூசின்னா இன்னும் கொஞ்ச நாள் ஓடும்."

மறுபடி மிஷினை எடுத்தான். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா வந்து பிளக்கைப் பிடுங்கினாள். பிடுங்கி ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டு அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என் வூட்டுக்காக எந்தப் புள்ளையும் அறுக்க வேணாம். பாத்திரத்தப் பின்னால வச்சுக் கழுவிக்கிறோம்."

ரவிக்குக் கோபம் வந்துவிட்டது. நியாயமான கோபம். "நீ வேணாம்னா நான் அடுத்த வூட்ல அறுக்கப் போறேன்மா. எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு" என்றான். அவனுக்கு இருமல் வந்தது. வந்து நிற்கவே இல்லை. அம்மா எழுந்து போய் அவன் முதுகைத் தடவினாள், உனக்குத் தடவியது போலவே மேலிருந்து கீழாக. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

படம் எடுத்தாயா என்று கேட்டேன். எடுத்தது தெரிந்தால் யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்றான். பிறகு அவனே கேட்டான்.

"இதுக்கு மருந்து இருக்காக்கா? சங்கருக்குக் குடுத்தாங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. இல்லை என்றேன். தூசியை விட்டு எவ்வளவு சீக்கிரம் விலகுகிறாயோ அவ்வளவு நாள் கூடுதலாக இருப்பாய், அதுதான் டாக்டர் எங்களிடம் சொன்னது என்றேன். அவன் அழவில்லை. விலகி எங்கேக்கா போறது என்று மட்டும் கேட்டான்.

அதற்குத்தான் வழி தேடுகிறேன் சங்கர். உன் மாமா அவர் ஓட்டுகிற காலேஜ் பஸ்ஸில் கிளீனர் வேலை கேட்டிருக்கிறார். கிடைக்குமா என்று தெரியாது. கிடைத்தாலும் காலம் கடந்துவிட்டதா, அதுவும் தெரியாது. மேடைக்குக் கல் வைத்துவிட்டோம், ஓட்டை இல்லாமல். வருகிறவர்கள் எல்லாம் சிங்க் எங்கே என்று கேட்கிறார்கள். திங்கட்கிழமை ரவியைப் படம் எடுக்கக் கூட்டிப் போகிறேன். வரமாட்டேன் என்றால் அவன் பெண்டாட்டியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அவன் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவேன். பிழைக்க வைப்பேன் என்று உனக்குச் சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் அவன் படுக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் நாள் வந்தால், அவன் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருப்பேன்.

உன்னோடு கூடப் பிறந்தவள்,
அக்கா கலா