புளி போட்டுத் தேய்த்த சாக்ஸபோன்

7 பிப்ரவரி 1979, ஜமுனாமரத்தூர்

மாமனார் வீட்டுக்கு வந்து ஒரு வாரம். மெட்ராஸில் ஊதினால் பக்கத்து வீட்டுக்காரன் கதவை இடிக்கிறான். இங்கே புளியந்தோப்பில் கேட்பாரில்லை. ஓட்டலில் இத்தனை வருஷம் யாரோ சாப்பிட, யார் பாட்டையோ ஊதியாயிற்று. அடுத்த வாரம் ஸ்டூடியோவில் என் சொந்த ஜாஸ் ரிக்கார்டு. எல்லாப் பாட்டும் நான் கட்டியது. உடம்பு அசந்து கிடக்கிறது. ஆனால் இதை விட்டால் இன்னொரு தடவை எவன் கூப்பிடப்போகிறான்?

10 பிப்ரவரி

செங்கம் போய்த் திரும்பினேன். என் பெண்டாட்டி சுந்தரம்மாள் சிரித்துக்கொண்டே சாக்ஸபோனை நீட்டினாள். குத்துவிளக்கு மாதிரி மின்னுகிறது. புளி போட்டுத் தேய்த்து, தொட்டியில் முக்கி எடுத்திருக்கிறாள்!

"பித்தளதான? பெரிய மனுசங்க முன்னாடி கறுத்துப்போனதத் தூக்கினு போவீங்களா?"

துளை மூடுகிற தோல் மெத்தைகள் அத்தனையும் ஊறி உப்பிவிட்டன. ஊதினா வெறும் காத்துதான் வருது. அடிப்பாவி, யாரைக் கேட்டுடி செஞ்சே? கத்தித் தீர்த்தேன். அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

11 பிப்ரவரி

நானும் சாப்பிடவில்லை, அவளும்.

15 பிப்ரவரி, மெட்ராஸ்

புதுத் தோல் பம்பாயிலிருந்து வர வேண்டுமாம். ஸ்டூடியோ தேதியை மாற்ற மாட்டார்களாம். ஓட்டலில் என்னோடு ஊதும் பழனி தன் சாக்ஸபோனைக் கொடுத்தான். நல்ல மனுஷன். ஆனால் என் விரலுக்கு அது படியவேயில்லை. திரும்பத் திரும்பப் பிசிறு. ரிக்கார்டு கம்பெனிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"தசரதன், தப்பா நினைக்காதீங்க. பழனியே ஊதட்டும்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டேன். என் பாட்டை நன்றாகத்தான் ஊதினான். அதுதான் தாங்கலே.

3 ஜூன், ஜமுனாமரத்தூர்

மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்திருக்கிறோம். சாயங்காலம் டிரான்சிஸ்டரில் என் பாட்டு. சுந்தரம்மாள் அடுப்பை விட்டு ஓடிவந்தாள்.

"இது தோப்புல ஊதனதுதான? நீங்கதான?"

பழனி ஊதியதை அவளிடம் இதுவரை சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன்.

"நான்தான்."

"கெட்டுப்போச்சு கெட்டுப்போச்சுன்னு அந்தக் குதி குதிச்சீங்களே! இத்தினி நாளா எனக்கு மனசே ஆறல. இப்ப இன்னா கொறைச்சல், சொல்லுங்க?"

"ஒரு கொறைச்சலும் இல்ல" என்றேன்.