காப்பு கட்டும் நாளில் கலா அப்பாவுக்கு

என் உயிரான கலா அப்பாவுக்கு,

நீங்கள் இருந்தபோதே உங்கள் பேரை நான் சொன்னதில்லை. இப்போது எழுதவும் கை வரவில்லை. கலா பிறந்த பிறகு எப்படிக் கூப்பிட்டேனோ அப்படியே கூப்பிடுகிறேன். ஐந்தாவதோடு நின்ற படிப்பு. பிழை இருந்தால் சிரியுங்கள். அந்தச் சிரிப்புச் சத்தமாவது எனக்குக் கேட்கட்டும்.

இன்று சாயங்காலம் நம் ஊர் ஆத்தாள் கோயில் தேருக்குக் காப்பு கட்டுகிறார்கள். நீங்கள் போனதும் இதே ஆடியில்தான், போன வருஷத்துக்கு முந்தின ஆடி. போன வருஷம் நம் வீட்டில் துக்கம் என்று வேறு பங்காளி கையில் காப்பு கட்டினார்கள். இந்த வருஷம் மறுபடியும் நம் வீட்டுக்கே, உங்கள் அண்ணன் கைக்கு வந்துவிட்டது. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கலாவுக்கு நிறைமாதம். தலைப்பிரசவம் என்று நம் வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறேன். மருமகன் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார். அவர் அம்மா வீடு மலைமேல், பஸ் நிற்கிற இடத்திலிருந்தும் நடக்க வேண்டும். நர்சம்மா வந்து கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு முகம் சுருக்கினார்.

"ரத்தம் கம்மியா கீதும்மா. வலி எடுத்தா கசாயம் வச்சிக் குடுத்துகினு வூட்ல உக்காந்துனு இருக்காதீங்க. ஒடனே கள்ளக்குறிச்சிக்கு வண்டி ஏத்து."

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கும் போய்ப் பார்த்தோம். இன்னும் நாள் இருக்கிறது, வலி கண்டதும் வா என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வலி எப்போது வரும்? காப்புக்கு முன்னாலா, பின்னாலா? அதுதான் என் கேள்வி. யாரிடம் கேட்பேன்?

காப்பு கட்டி நாலு எல்லையிலும் வேப்பிலை கட்டிவிட்டால், தேர் நிலைக்கு வரும் வரை ஊர்க்காரர் யாரும் வெளியில் இராத்தங்கக் கூடாது. பகலில் போகலாம், பொழுது சாய்வதற்குள் வந்துவிட வேண்டும். கையில் காப்பு கட்டியவர் எல்லையை மிதிக்கவே கூடாது. உங்களுக்குத் தெரியாததா? அன்றைக்கு உங்கள் கையில்தானே காப்பு இருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தீர்கள். ஆட்டோவைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன்.

"இன்னாடி நீ, காப்பு கட்டினு எல்ல தாண்ட சொல்றியா? தேர் முடியட்டும், பாத்துக்கலாம்."

தேர் முடியவில்லை. நீங்கள்தான் முடிந்துபோனீர்கள். ஊரில் பிணம் கிடக்கத் தேர் நகருமா? அந்த வருஷம் நகரவே இல்லை. யாருக்காகத் தாண்டாமல் இருந்தீர்கள் என்று நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நம் ஊர் எவ்வளவு ஊர்? மேற்கே கல்வராயன் மலை. கிழக்கே சோளமும் குச்சிக்கிழங்கும். வடக்கே ஓடை, அதன்மேல் தரைப்பாலம், பாலம் தாண்டினால் கள்ளக்குறிச்சிக்குப் போகிற தார் ரோடு. தெற்கே அணைத் தண்ணீர். மலையில் மழை பிடித்தால் நமக்கு ஒரு துளி விழாமலேயே ஓடை நிரம்பிப் பாலம் முழுகிவிடும். மத்தியானத்திலிருந்து மலை கறுத்துக் கிடக்கிறது. நான் துணி மடிக்கிறேன், வாசலுக்குப் போய் மலையைப் பார்க்கிறேன், வந்து மறுபடி அதே துணியை மடிக்கிறேன்.

தெற்கு எல்லைக் கல் அணைக்குள்தானே இருக்கிறது. பழைய ஊர் முழுகியபோது அதுவும் முழுகியது. ஆனாலும் ஒவ்வொரு ஆடியிலும் உங்கள் ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கல் இருக்கும் திக்கைப் பார்த்து எலுமிச்சம்பழம் வீசிவிட்டு வருவார்கள். "மூணு எல்ல நம்மளுது, நாலாவது மீனுங்களுது" என்று நீங்கள் சொல்லிச் சிரிப்பீர்கள். அதைச் சொன்னதற்காக உங்கள் அண்ணன் ஒருநாள் முழுக்க உங்களோடு பேசவில்லை.

அந்தப் பழைய ஊர்க் கதையை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். கல்யாணமான புதிதில், தண்ணீர் வற்றிய ஒரு கோடையில் கூட்டிப்போய்க் காட்டினீர்கள். சேற்றில் கோயில் அடித்தளம் தெரிந்தது. யார் வீட்டுதோ ஒரு உரல் வாயில் சேறு நிரம்பிக் கிடந்தது. சர்க்கார் அணை கட்டுகிறது, எழுந்திருங்கள் என்றபோது நீங்கள் அப்பா தோளில் உட்காரும் பிள்ளை. நிலைக்காலையும் கதவையும் பெயர்த்து மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். கடைசியாகக் கோயிலில் இருந்த ஆத்தாளைக் கூடையில் நெல் பரப்பி உட்காரவைத்து, மஞ்சள் துணி மூடித் தூக்கினார்கள். விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தது உங்கள் அண்ணன். புது இடத்தில் அப்போது கொட்டகைகூடப் போடவில்லை. அன்று இராத்திரி ஆத்தாள் பழைய எல்லைக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில்தான் இருந்தாளாம். நானும் பார்த்தேன் என்று பெருமையாகச் சொன்னீர்கள். தோளில் தூங்கிக்கொண்டு வந்தவர் என்னத்தைப் பார்த்தீர்களோ!

அந்தக் கதை இன்று எனக்கு உதவிக்கு வந்தது. எப்படி என்று கேளுங்கள்.

காலையில் கோயில் முன்னால் உங்கள் அண்ணன் பந்தலுக்கு மாவிலை கட்டிக்கொண்டிருந்தார். ஏணிக்குக் கீழே போய் நின்றேன். அவர் எதிரில் நான் சத்தமாகப் பேசியதே இல்லை.

"மாமா, காப்புக்கு அப்புறம் கலாவுக்கு வலி எடுத்தா நான் கூட்டினு போயிடுவேன். ராவா இருந்தாலும் போவேன். உங்ககிட்ட சொல்ட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் ஏணியிலிருந்து இறங்கவில்லை. "போனா, பெத்துட்டுப் பொழுதோட திரும்ப முடியுமா? அங்கியே தங்கணும்ல? இன்னாம்மா பேசற நீ. ஊருக்கு ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்றது? ஆத்தா கோச்சிக்கினா?"

எனக்கு எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று தெரியவில்லை. நீங்கள் கொடுத்ததோ என்னவோ.

"ஆத்தாளயே எல்ல தாண்டித் தூக்கியாந்தீங்களே மாமா. நீங்கதானே வெளக்கு புடிச்சினு முன்னாடி வந்தீங்க? அன்னிக்கி ராவு அவளும் எல்லைக்கு வெளியதானே தங்கினா? அன்னிக்கிக் கோச்சிக்கலியே. உங்க தம்பி தாண்டாம கெடந்தாரு. தேரு நவுந்துச்சா?"

பந்தல் கால் நட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். உங்கள் அண்ணன் கையிலிருந்த மாவிலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். பெரிய தப்பு பேசிவிட்டேனா? அந்த மனிதர் நெஞ்சிலும் நீங்கள் இருக்கிறீர்கள்தானே? கலாதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இன்னாம்மா, பெரீப்பாவையே ஏணியிலேயே நிக்க வச்சிட்டியாமே" என்று சிரித்தாள். சிரிக்கும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "வலியா?" என்றேன். இல்லையாம். இல்லை என்று சொல்வதை நான் எப்படி நம்புவது? நீங்களும் அப்படித்தானே சொன்னீர்கள்.

இப்போது சற்று முன்னால் உங்கள் அண்ணன் வந்தார். குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, காப்பு கட்டப் போகிற கோலத்தில் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று மலையைத்தான் பார்த்தார்.

"ஆட்டோக்காரன இந்தாண்ட வுடச் சொல்லாத. தண்ணி வந்துட்டா வண்டி ஊருக்குள்ள மாட்டிக்கும். பாலத்துக்கு அந்தாண்ட, ரோட்ல நிக்கச் சொல்லு."

"அதுவரைக்கும் எப்படி மாமா? அவளால நடக்க முடியாதே."

"கட்டில்ல வச்சித் தூக்கியாறோம். பாலம் வரைக்கும் நானே வரேன்." காப்பு ஏறப் போகிற மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். "அதுக்கு மேல என்னால ஆவாது. அதுக்கு மேல நீ பாத்துக்க."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

பறைச்சத்தம் கேட்கிறது. தெற்கே பழம் வீசிவிட்டு இப்போது வடக்கே வந்துகொண்டிருக்கிறார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் வேப்பிலை ஏறப் போகிறது. பையைக் கதவோரம் வைத்துவிட்டேன். உங்கள் பழைய வேட்டி ஒன்றைத் துவைத்துக் கிழித்து, பிள்ளைத் துணியாக மடித்து அதில் வைத்திருக்கிறேன். ஆட்டோக்காரர் வெளியூர்க்காரர், பாலத்துக்கு அந்தப் பக்கம் ரோட்டில் வண்டியிலேயே படுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். மலையில் மின்னுகிறது. எனக்குப் பயம்தான். மழையை நினைத்தால் பயம், ஆத்தாளை நினைத்தாலும் பயம். ஆனால் அன்றைக்கு உங்கள் பக்கத்தில் விடியும் வரை உட்கார்ந்திருந்த பயம் இதைவிடப் பெரியது.

ஒன்று மட்டும் உங்களுக்குச் சத்தியம் செய்கிறேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் இல்லை என்று சொன்னாலும் கேட்க மாட்டேன். தேர் முடியட்டும் என்று யார் சொன்னாலும் உட்கார மாட்டேன். பாலம் வரைக்கும் உங்கள் அண்ணன் வருவார். அதற்கு மேல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் மகளைப் பெற்றவள்,
கலா அம்மா