ரங்கூனிலிருந்து ஐந்து மணி நேரம்

பிப்ரவரி 11, 1942. தென்காசி

அரிசி களைந்துகொண்டிருக்கும்போது தந்தி வந்தது. ரங்கூனிலிருந்து என் வீட்டுக்காரர், அவுக அனுப்பியதுதான். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஏரோப்பிளேனில் இடம் கிடைத்திருக்கிறதாம். கல்கத்தாவில் இறங்கியதும் தந்தி கொடுப்பார்களாம். ரங்கூனில் குண்டு விழ ஆரம்பித்து ஐம்பது நாள். இன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 13

கொழுந்தன் வேல்சாமி பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவன். அட்லாஸில் நூல் பிடித்து அளந்தான். "ரங்கூன் மிங்கலடோன்லேருந்து கல்கத்தா டம்டம் அறுநூத்தம்பது மைலு, மதினி. அஞ்சு மணி நேரம். நீங்க இங்கன மத்தியானச் சோறு வடிக்கதுக்குள்ள அண்ணன் அங்கன எறங்கிருவாக."

பயணம் போனவர் போய்ச் சேரும்வரை வீடு பெருக்கக் கூடாது. பெருக்கினால் அவரையும் சேர்த்துத் தள்ளினதாகும் என்பது என் மாமியார் சொல்லிவைத்தது. அவுக கப்பலேறிய வருஷம், போய்ச் சேர்ந்த கடிதாசி வரும்வரை பதினெட்டு நாள் நான் விளக்குமாற்றைத் தொடவில்லை. "ஏட்டி, பதினெட்டு நாளு குப்பைக்குள்ளயா குடியிருந்த?" என்று கேலி செய்து எழுதினார்கள். இந்தத் தடவை ஐந்து மணி நேரம்தான்!

பிப்ரவரி 14

கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. ஒரு நிமிஷம்கூடப் பொறுக்கவில்லை. நாலு மூலையும் பெருக்கித் தள்ளினேன். "தந்தி வரட்டுமே மதினி" என்றான் வேல்சாமி. "நூல் பிடிச்சு அளந்தவன் நீதான?" என்றேன்.

பிப்ரவரி 16

தந்தி இல்லை.

பிப்ரவரி 19

இல்லை. தந்திக் கம்பியெல்லாம் இப்போது பட்டாளத்துக்குத்தான் என்கிறான் வேல்சாமி. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏன் பெருக்கினேன்? என்ன அவசரம்? கை அரிச்சுதா? பாவி மக, தந்தி வாரவரை பொறுத்தா என்னவாம் — இனி அவுக வாசப்படி மிதிக்கிறவரை விளக்குமாறு எடுப்பதில்லை.

மார்ச் 10

ரங்கூன் விழுந்துவிட்டதாம்.

ஏப்ரல் 27

முற்றத்தில் வேப்பஞ்சருகு கணுக்காலை மூடுகிறது. அடுத்த வீட்டு மூக்கம்மாள் வந்து, "வீடு இப்படிக் கெடக்கே, நான் பெருக்கித் தாரேங்க்கா" என்றாள். "தொட்டேன்னா கைய முறிச்சுப்புடுவேன்" என்றேன். அழுதுகொண்டே போனாள். போகட்டும்.

ஜூன் 24

சாரல் தொடங்கி, குற்றாலத்துக்கு வண்டி வண்டியாக ஆள் போகிறது. அப்படி ஒரு வண்டியிலிருந்து எலும்பும் தோலுமாக இறங்கி வந்தார் ஒலி முகம்மது. ரங்கூனில் அரிசி மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் அவுகளோடு வேலை பார்த்தவர். வாசலில் நின்று வீட்டுக்குள் பார்த்தார். சருகைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

ஏரோப்பிளேன் வரைக்கும் போயிருக்கிறார்கள். நிறைமாதக்காரி ஒருத்தி இடம் கிடைக்காமல் நின்றாளாம். அவளுக்குத் தன் இடத்தைக் கொடுத்துவிட்டு, அவுக இவரோடு நடந்தே கிளம்பிவிட்டார்கள்.

"'பயமா இல்லையா அண்ணாச்சி'ன்னு கேட்டேன், மதினி. 'எத்தன நாளு நடந்தா என்னலே, நான் போய்ச் சேருத வரை அவ வீடு பெருக்க மாட்டா'ன்னு சிரிச்சாரு."

முப்பத்தாறு நாள் நடந்திருக்கிறார்கள். பர்மா எல்லை தாண்டுகிற மலையில் அவுகளுக்கு வாந்திபேதி. அங்கேயே அடக்கம் செய்தார்களாம்.

அந்தச் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பெருக்கியதை ஒலி முகம்மதுவிடம் நான் சொல்லவில்லை.

ஜூன் 25

காலையில் வீட்டைப் பெருக்கினேன்.