ராணிக்கு முன்னால் உள்ள சிப்பாய்

ஆடி 8, வியாழன்

காலையில் தூறல், பிறகு காற்று. காயப்போட்ட வத்தலை உள்ளே எடுத்து, மறுபடி வெளியே வைத்தேன்.

பேரப்பிள்ளைகள் சங்கதி: பெரியவன் மகனுக்கு பெங்களூரில் வேலை. மகள் வீட்டுச் சின்னவளுக்கு நீச்சலில் கப். கோமுவுக்குக் காலேஜ் செஸ்ஸில் ஒரே ஒரு தோல்வி. அதுவும் புளியங்குடிப் பிள்ளையிடம். ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலியில் மறுபடி அவளோடுதான். தோற்காமல் இருந்தால் யுனிவர்சிட்டி டீமில் இடம்.

கோமு லீவில் வந்திருக்கிறாள். தோற்ற ஆட்டத்தை முதலிலிருந்து ஆடிப் பார்க்கிறோம். அவள் சொல்லச் சொல்ல, கறுப்புக் காய்களை நான் நகர்த்த வேண்டும்.

“ஆச்சி, இப்பம் நீதான் புளியங்குடிக்காரி. அவள மாதிரியே மொறச்சிக்கிட்டு இரு.”

ஆரம்பத்திலேயே கோளாறாம். எப்போதும் ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயைத்தான் முதலில் தள்ளுவாள். அதற்கு எப்படிப் பதில் ஆடுவது என்று அந்தப் பிள்ளைக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமையும் இவளுக்கு வெள்ளைதான்; இனி ராணிக்கு முன்னால் உள்ளது. வெளியே யாருக்கும் தெரியாது.

ஆடி 9, வெள்ளி

கோமதியம்மன் கோயில். மாவிளக்கு. பக்கத்தில் பார்த்தால் புளியங்குடிப் பிள்ளையின் பாட்டி! கோயில் பழக்கம்தான்.

“ஒங்க பேத்தி எப்பமும் ராஜா சிப்பாயத்தான் தள்ளுவாளாம்லா? எங்க புள்ள கண்ண மூடிக்கிட்டு ஆடுவா.”

“அதெல்லாம் பழைய கத. இப்பம் ராணி சிப்பாயி.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. அம்மா தாயே.

வீட்டு வாசலிலேயே கோமுவிடம் சொல்லிவிட்டேன். சிரித்தாள். “கறுப்புல ஒக்கார வச்சேன். நெசமாவே அவ கச்சியில சேந்துட்டியே ஆச்சி!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆடி 10, சனி

வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, பிரஷர் மாத்திரை, சீப்பு.

கோமு பஸ் ஏறினாள். ராஜாவா ராணியா என்று கேட்டேன். “ஒங்கிட்டயா சொல்லுவேன்?” நியாயம்தான்.

பூக்காரியும் கேட்டாள், பேத்தி எப்படி ஆடப்போகிறாள் என்று. தெரியாது என்றேன். நாக்கு அரித்தது.

ஆடி 11, ஞாயிறு

நல்ல காற்று. மத்தியானம் போன். டிரா! டீமில் இடம் உண்டு.

“பழைய ராஜா சிப்பாயவே தள்ளிட்டேன் ஆச்சி. அவ பலகையப் பாக்கா, என்னையப் பாக்கா. ராணிக்குன்னே படிச்சிட்டு வந்திருக்கா போல. ரொம்ப நேரம் கையே வைக்கல.”

ஜெயித்திருப்பாளாம், கடைசியில் ஒரு குதிரையைக் கோட்டைவிட்டாளாம். போகட்டும்.

அடுத்த ஆட்டத்துக்கு வேறு ஏதோ படிக்கிறாள். என்னவென்று நான் கேட்கவில்லை.

சுவரில் இன்னும் கோமுவின் சின்ன வயசுப் பல் விழுந்த போட்டோதான் தொங்குகிறது. புதிதாக ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பச் சொல்ல வேண்டும். டீம் பனியனோடு. பலகை மட்டும் அதில் தெரியக் கூடாது. என்ன ஆட்டம் என்று வருகிறவர்கள் கேட்பார்கள், நான் சொல்லிவிடுவேன்.