நீல மூடிக் கிண்ணம்

என்னங்க,

எனக்கு ஆஸ்பத்திரியில் காலை ஷிஃப்ட். நீங்களும் குட்டியும் சமைப்பதைப் படம் எடுக்கப் பத்து மணிக்குப் பத்திரிகைக்காரர் வருவார். ‘அப்பாவின் பத்து நிமிடச் சமையல்’ எழுதுகிறவருக்கு உப்பு இருக்கும் இடத்தைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். இருந்தாலும் சொல்கிறேன்: மேல் தட்டு, இடது பக்கம்.

முட்டையும் உருளைக்கிழங்கும் வேகவைத்துவிட்டேன். தோலை மட்டும் உரியுங்கள். “இதெல்லாம் ஒரு வேலையா?” என்று நேற்று கேட்டீர்களே, அதில் கொஞ்சம் உங்களுக்கென்று மிச்சம் வைத்திருக்கிறேன்.

நீல மூடிக் கிண்ணத்தைத் தொடாதீர்கள். குட்டி காகித வீடு ஒட்டுவதற்காக நான் மைதாவில் காய்ச்சிய பசை அது. போன மாதம் ரொட்டியில் தடவித் தின்றுவிட்டு, “உப்புதான் கம்மி, மத்தபடி சாஸ் பிரமாதம்!” என்றீர்களே, குட்டியிடம் செய்முறை கேட்டுப் பத்திரிகையிலும் போட்டீர்களே, அதுவும் இதேதான். அன்றைக்கே சொல்லியிருப்பேன். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் என் கைப்பக்குவத்தை முதல்முறையாகப் பாராட்டினீர்கள். கெடுக்க மனசு வரவில்லை.

சாவி செருப்பு அலமாரி மேல்.

மறந்துவிட்டேன்: பத்திரிகைக்காரர் போன் செய்தார். அந்த சாஸைத்தான் செய்து காட்ட வேண்டுமாம். குட்டியைக் கேளுங்கள், அவளுக்குப் பக்குவம் தெரியும். வந்தவருக்கும் ஒரு வாய் கொடுங்கள். வீடு ஒட்டக் கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும்.