முள் கழன்ற ஞாயிற்றுக்கிழமை

என் பாசமுள்ள ஜோசப் அண்ணனுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் மனசுக்குள்ளேயே உங்களோடு பேசிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு வசதி இருந்தது. சொல்ல விரும்பாததைச் சொல்லாமலே விட்டுவிடலாம். எழுத உட்கார்ந்தால் அப்படி முடியாது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும். நான் சொன்ன பொய்யும் நாலு பேர் காதில் விழுந்த பொய்தானே.

முதலில் வீட்டுச் செய்தி. தோட்டத்து லயத்தில் நம் ஒற்றை அறைக் காம்பராவுக்கு மேலே இருந்த ஓட்டைத் தகரத்தை மாற்றிவிட்டார்கள். மழைக்குச் சட்டி வைக்கத் தேவையில்லை. நான் மறுபடியும் புள்ளைக்காம்பராவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் காலையில் விட்டுப் போகிற பிள்ளைகள் இப்போது பதினொரு பேர். எல்லாரும் ஒரே நேரத்தில் அழுதாலும் எனக்குக் கோபம் வருவதில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே, அண்ணே.

களைப்பு மட்டும் போகவில்லை. உங்களைப் பார்த்துக்கொண்ட இரண்டு வருடத்துக் களைப்பு, ஒரு மாதம் படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். படுத்தால் தூக்கம் வருவதில்லை. உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன். போன வாரம் கோயிலில் பிரசங்கத்துக்கு நடுவே பக்கத்தில் இருந்தவரின் தோளில் சாய்ந்துவிட்டேன். பூசை முடியும்வரை அவர் அசையாமல் இருந்தார்.

அந்தக் கெண்டை மீனைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன்.

தோட்டம் முழுக்கத் தெரிந்த கதை அது. ஜோசப்புக்கு மாட்டிய பெரிய மீன் தங்கச்சி கைக்குத் தூண்டில் வந்ததும் முள் கழன்று தப்பிவிட்டது. அப்படித்தான் நான் சொன்னேன். நீங்களும் எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னீர்கள். அது நடந்தது அப்படி இல்லை.

உங்களுக்குத் தெரிந்ததையே படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கொழுந்தை அரைத்துத் தூளாக்கும் தேயிலை ஸ்டோரில் பதினெட்டு வருடம் வேலை செய்த உங்களுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனது. கல்யாணம் கட்டாத அண்ணனும், கட்டியவன் விட்டுப்போன தங்கச்சியும் ஒரே காம்பராவில் இருந்தோம். செவ்வாயும் சனியும் விடிவதற்கு முன்னால் ரோட்டுக்கு இறங்கி, முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போக வேண்டும். அங்கே பெரியாஸ்பத்திரியில் நாலு மணி நேரம் மெஷினில் இரத்தம் சுத்தம் செய்வார்கள். திரும்பி வரும்போது நீங்கள் என் தோளில் பாதி, கம்பியில் பாதியாக நிற்பீர்கள். லயத்துக்கு ஏறும் படிகள் நூற்றுப் பன்னிரண்டு. நாம் சேர்ந்துதான் எண்ணினோம்.

நோய் வந்தபின் உங்களுக்கு மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில் ஒன்றுதான். பதுளை டவுனில் சாமான் கடை வைத்திருக்கிற நஸீர் நானா உங்கள் பழைய கூட்டாளி. ரீல் வைத்த தூண்டில் ஒன்றை அவர்தான் உங்களுக்குக் கொடுத்தார். ஹாலிஎலைக்குக் கீழே ஓயா ஆறு வளைகிற இடத்து மடுக்கரையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பீர்கள். ஒரு நாளைக்கு அரை லீட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன மனிதன் அவ்வளவு தண்ணீருக்குப் பக்கத்தில் எப்படித்தான் உட்கார்ந்திருந்தீர்களோ. ஒருநாளும் நான் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு நஸீர் நானா வரவில்லை, அவர் வீட்டில் கல்யாணம். முந்தின இரண்டு இரவும் உங்களுக்குக் கால் பிடிப்பு. நான் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தேன். அன்றைக்குப் பகலிலாவது படுக்கலாம் என்று பாயை விரித்திருந்தேன்.

"ரீட்டா, வா, நம்ம ரெண்டு பேரும் போயிட்டு வருவோம்" என்றீர்கள்.

"நாளைக்குப் போலாமேண்ணே."

"நாளைக்கு என்னத்தக் கண்டோம். வா புள்ள."

பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வந்தேன். ஆட்டோவில் பாலம் வரைக்கும் போய், அங்கிருந்து நடந்தோம். இரைக்குக் கொண்டுவந்த பாண் துண்டை நீங்கள் பிசைந்து முள்ளில் உருட்டி வைத்தீர்கள். நான் ஒரு கல்லில் சாய்ந்து கண்ணை மூடினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

ரீல் கத்தியது. கண்ணைத் திறந்தபோது நீங்கள் எழுந்து நின்றிருந்தீர்கள். தூண்டில் வில்லாக வளைந்திருந்தது. அடிக்கட்டையை வயிற்றில் ஊன்றி, வலது கை ஒன்றால் பிடித்திருந்தீர்கள். உங்கள் முகத்தில் இரண்டு வருடமாகப் பார்க்காத ஒரு நிறம். அதற்குள் இடது கையும் மேலே போனது. மெஷினில் போடுவதற்காக நரம்பைச் சேர்த்துத் தைத்திருந்த கை. அதில் கடிகாரம் கட்டக்கூடாது, ஒரு வாளி தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது.

"அண்ணே, கை! அந்தக் கைய எடுங்க!" என்று கத்தினேன்.

"அப்ப நீ புடி. ஓடியா, புடி!"

பிடித்தேன். தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. நீங்கள் என் பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். "இழுக்காத, ஓடட்டும்... விடு, விடு... இப்ப சுத்து. மெதுவா. தூண்டில எறக்கிறாத, நூல் தொய்ஞ்சா போச்சு."

அரை மணி நேரம் இருக்கும். இழுக்கவும் விடவும், இழுக்கவும் விடவும். ஒரு தடவை அது மேலே வந்து புரண்டது. செம்பு நிறத்தில், என் கை நீளத்துக்கு மேலே. ஒவ்வொரு செதிலும் ஒரு ரூபாய்க் காசு மாதிரி. நீங்கள் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தீர்கள். "மாதாவே, பாத்தியா ரீட்டா, பாத்தியா!"

பிறகு அது கரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அதுவும் ஓய்ந்துபோயிருந்தது. நீங்கள் அதைப் பிடிக்கச் சாக்கை எடுக்கத் திரும்பினீர்கள்.

அப்போதுதான் நான் தூண்டிலை இறக்கினேன்.

உங்கள் வீங்கின காலோடு தண்ணீரில் இறங்குவீர்கள், வழுக்கி விழுவீர்கள் என்று பயந்துதான் விட்டேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பொய். அந்த நேரம் உங்கள் நினைப்பே எனக்கு இல்லை. மீனைப் பிடித்தால் அதைத் தூக்க வேண்டும், படியேற்ற வேண்டும், செதில் உரிக்க வேண்டும், உப்புப் போடாமல் உங்களுக்குத் தனியாகச் சமைக்க வேண்டும். எனக்குப் போதும் என்று இருந்தது, அண்ணே. அவ்வளவுதான். கையில் இருக்கிற ஒன்றையாவது விட்டுவிட வேண்டும் போல இருந்தது. நூல் தொய்ந்தது. மீன் தலையை ஒரு உதறு உதறியது. முள் தனியாக வந்தது.

"கழண்டுருச்சுண்ணே" என்றேன்.

நீங்கள் சாக்கோடு நின்றீர்கள். தண்ணீரைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள். "சரி, போகட்டும்" என்றீர்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நான் படுத்தவள்தான், மறுநாள் விடியலில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பிரட்டுத் தப்பு கேட்டுத்தான் எழுந்தேன். சோற்றுப் பானையை நீங்களே இறக்கி வைத்திருந்தீர்கள்.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போலப் பதுளைக்குப் போனோம். மெஷினிலிருந்து இறங்கிய பிறகு, நஸீர் நானா கடையில் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகலாம் என்றீர்கள். நான் மருந்துக்கு வரிசையில் நின்றுவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஏறினதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னீர்கள்: "இனிமே சனிக்கெழம நீ வர வேணாம். நஸீர் வேன் கொண்டாறேன்னு இருக்கான். அவன் கூடப் போயிக்குறேன்."

நான் ஏன் என்று கேட்கவில்லை. மீனை விட்டதால் கோபம் என்று நினைத்தேன். கூடவே எனக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு வாரத்தில் ஒரு நாள். கதவைச் சாத்திக்கொண்டு பகல் முழுக்கத் தூங்கினேன். ஒன்பது சனிக்கிழமை அப்படித் தூங்கினேன்.

ஒன்பதாவது சனிக்கிழமை டெலிபோன் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. எழுந்து பார்த்தால் நஸீர் நானாவின் நம்பரிலிருந்து ஏழு தடவை. நான் பதுளைக்குப் போய்ச் சேர்ந்தபோது உங்களை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். உங்கள் கால் மட்டும் வெளியே தெரிந்தது. வீக்கம் வடிந்திருந்தது.

என் மேல் கோபத்தோடு போனீர்கள் என்றுதான் இந்த எட்டு மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன். தூங்கினவளை மன்னிப்பீர்களோ, மீனை விட்டவளை மன்னிப்பீர்களோ என்று மாறிமாறி யோசித்திருக்கிறேன்.

நேற்று நஸீர் நானா கடைக்குத் தூண்டிலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அவர் வாங்கிச் சுவரில் சாத்திவிட்டு, ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, பிளேன்டீ வரவழைத்தார். போன மழையில் மண் சரிந்து அந்த மடு பாதி மூடிவிட்டது என்றார். அந்தப் பேச்சில்தான் எனக்கு வாய் திறந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். முள் தானாகக் கழலவில்லை, நான்தான் விட்டேன் என்று சொன்னேன்.

அவர் டீயைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியும் தங்கச்சி."

"என்ன தெரியும்?"

"அண்டைக்குச் செவ்வாக்கெழம இதே ஸ்டூல்ல ஒக்காந்துதான் ஜோசப் சொன்னான். சாக்கோட திரும்புறப்ப நீ தூண்டில எறக்குறத அவன் பாத்துட்டான்."

"கோவமா இருந்தாரா நானா?"

"கோவமா? அழுதான்மா. 'நஸீர், என் காலையும் கையையும் மட்டுமே ரெண்டு வருஷமாப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன். அவ கை நடுங்குறத அண்டைக்குத்தான் பாத்தேன். அவளுக்கு வாரத்துல ஒரு நாளாவது தூக்கம் வேணும், நீ சனிக்கெழம வேன் கொண்டா'ண்டான். ஒனக்கிட்டச் சொல்லக்கூடாதுண்டு சத்தியம் வாங்கினான். சொன்னா நீ அவன எங்கூட விடமாட்டியாம்."

அவர் கொஞ்சம் தயங்கி மற்றதையும் சொன்னார். கடைசிச் சனிக்கிழமை மெஷினில் இருக்கும்போதே உங்களுக்குக் குளிர் நடுக்கம் வந்ததாம். என்னைக் கூப்பிடட்டுமா என்று அவர் கேட்டாராம். "இப்ப தூங்கிக்கிட்டு இருப்பா. பதறியடிச்சு ஓடி வருவா. கொஞ்சம் பொறு" என்றீர்களாம். அதற்குப் பிறகு உங்களுக்கு நினைவு தப்பியது. அதற்குப் பிறகுதான் அந்த ஏழு தடவையும்.

அண்ணே, இதற்கு நான் என்ன செய்யட்டும்? என் மேல் கோபம் இல்லை என்று தெரிந்ததும் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். இறங்கியது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இப்போது எனக்கு உங்கள் மேல் கோபம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. "உனக்கு முடியலையா ரீட்டா" என்று கேட்டிருந்தால், "முடியலண்ணே" என்று சொல்லியிருப்பேன், இரண்டு பேரும் அழுதிருப்போம், அதோடு போயிருக்கும். நானும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. எனக்குத் தூக்கத்தைக் கொடுத்துவிட்டு, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டிய ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அது சரியா?

நேற்றுப் பஸ்ஸில் வரும்போது முழுக்க உங்களோடு சண்டை போட்டேன். பக்கத்து சீட்டு ஆள் என் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். நம் சந்தியில் இறங்க மறந்து, அடுத்த பஸ் ஹோல்ட்டில் இறங்கி நடந்தேன். நடக்கும்போது சண்டை ஓய்ந்துவிட்டது. ஓய்ந்தது என்றால் நான் ஜெயித்தேன் என்றில்லை. சண்டை போடவும் தெம்பு வேண்டுமே.

இன்னொரு செய்தி இருக்கிறது. கீழ் லயத்துச் செல்வியை நினைவிருக்கும், கொழுந்தெடுப்பவள், ரெட்டை ஜடை போட்டுத் திரிந்தவள். அவள் அம்மாவுக்கும் இப்போது உங்கள் நோய்தான், போன மாதம் வார்டில் வைத்தே மெஷின் தொடங்கினார்கள், இனி வீட்டிலிருந்து போய் வர வேண்டுமாம். பஸ் எத்தனை மணிக்கு, எந்தக் கதவால் உள்ளே போக வேண்டும், என்ன கொண்டு போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நேற்று இரவு வந்தாள். நின்றபடியே பேசினாள். பேச்சுக்கு நடுவில் ஒரு தடவை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி எனக்குத் தெரியும்.

"செல்வி, ஒனக்கு முடியுதா?" என்று கேட்டேன்.

"முடியலக்கா" என்றாள்.

இன்று காலை பூசை முடிந்து அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். சனிக்கிழமைகளில் அவள் அம்மாவை நான் கூட்டிக்கொண்டு போகிறேன். புள்ளைக்காம்பராவில் சனிக்கிழமை லீவு கேட்டிருக்கிறேன், தருவார்கள். இது பெரிய மனசு ஒன்றும் இல்லை, அண்ணே. அந்த வழி எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும், அவ்வளவுதான். எனக்கும் ஒருநாள் முடியாமல் போகும். அன்றைக்கு முடியவில்லை என்று வாயால் சொல்வேன். கையில் இருப்பதைச் சத்தமில்லாமல் விடமாட்டேன். அதை மட்டும் உங்களுக்கு வாக்காகத் தருகிறேன்.

உங்கள் மேல் கோபம் ஆறாத,
உங்களை விட்டால் சண்டை போட வேறு ஆளில்லாத தங்கச்சி
ரீட்டா