முதல் பொன்னாடை

ஞாயிறு, இரவு.

திருவிழாவுக்குச் சென்னையிலிருந்து சிம்பொனி இசைக்குழு வந்தது. அதில் உச்சக்குரலில் பாடும் சோப்ரானோ என் மகள். சொந்த ஊரில் அவளுக்கு முதல் மேடை. சிம்பொனியின் நான்காம் பகுதியில்தான் அவள் பாடவேண்டும்; அதுவரை மேடையிலேயே உட்கார்ந்திருக்கவேண்டும்.

முதல் பகுதி முடிந்து வாத்தியங்கள் ஓய்ந்தன. கச்சேரியே முடிந்துவிட்டது என்று நினைத்து, என் மைத்துனர் அவளுக்குப் போர்த்தப் பொன்னாடையோடு மேடையேறினார். என் தம்பியும் இன்னொன்றோடு ஏறினான்.

“தாய்மாமன் நான் இருக்கேன், நீரு எங்கன வே வாரீரு?”

“பிள்ளை எங்க குடும்பத்துப் பிள்ளை. கீழ இறங்கும்வே!”

மைத்துனர் நாற்காலியால் அடித்தார். தம்பி, பெரிய வயலின் போலிருந்த செல்லோவைப் பிடுங்கித் திருப்பி அடித்தான். செல்லோவும் மைத்துனரின் மண்டையும் சேர்ந்தே உடைந்தன. இரு வீட்டாரும் மேடையேறினார்கள். இசைக்குழு இறங்கி ஓடியது.

ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது மைத்துனர் கண் திறந்தார்.

“மருமவ நல்லாப் பாடுனாளா அத்தான்?”

நான் மகளைப் பார்த்தேன். சென்னைக்கு அடுத்த பஸ் எப்போது என்று கேட்டாள்.